நாட்டை விட்டு வந்த கலைஞர் எதைத் தூக்கிக்கொண்டு வருகிறார்?

கேள்வி சுருக்கமாக இதுதான்: போர், அரசியல், விரட்டல் என்று ஏதோ ஒன்றால் சொந்த மண்ணை விட்டு வந்த மேடைக் கலைஞர்கள் போய்ச் சேர்ந்த நாட்டை மாற்றுகிறார்களா, அந்த நாடு அவர்களை மாற்றுகிறதா, சிங்கப்பூரில் நம் தமிழர்களிடையே இதற்கு என்ன உதாரணம். நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இங்கே நடன வகுப்புகளுக்கும் அரங்கேற்றங்களுக்கும் மிருதங்கம் வாசித்து வருகிறேன். மேடையில் உட்கார்ந்த நேரத்தை விட வகுப்பில் உட்கார்ந்த நேரம்தான் அதிகம். அதனால் என் பதிலும் வகுப்பில் இருந்துதான் வரும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். அகதி என்ற சட்டப் பெயரோடு சிங்கப்பூரில் குடியேறி வாழும் கலைஞரைத் தேடினால் கிடைக்க மாட்டார். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் சிங்கப்பூர் கையெழுத்திடவில்லை. வியட்நாமில் இருந்து படகில் வந்தவர்களுக்காக 1978 முதல் 1996 வரை செம்பவாங் பக்கம் ஹாக்கின்ஸ் ரோட்டில் ஒரு முகாம் இருந்தது, அவர்களும் வேறு நாடுகளுக்குப் போகும் வழியில் தங்கியவர்கள்தான். ஆகவே தமிழர்களுக்கு எதிராக 1983 ஜூலையில் நடந்த கலவரத்துக்குப் பிறகு இலங்கையில் இருந்து இங்கே வந்த தமிழர் யாராக இருந்தாலும், கையில் இருந்த தாளில் வேலை அனுமதி என்றோ, கணவரின் வேலை என்றோ, படிப்பு என்றோதான் எழுதியிருக்கும். திரும்பிப் போக முடியுமா என்ற கேள்வி அந்தத் தாளில் இருக்காது. நம் மொழியில் புலம்பெயர்ந்தவர் என்ற ஒரே சொல்லுக்குள் வணிகரும் வருகிறார், விரட்டப்பட்டவரும் வருகிறார். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்தைச் சொல்லும் இடத்தில் வரும் புலம்பெயர் மாக்கள் துறைமுகத்துக்கு வந்து கலந்து வாழ்ந்தவர்கள். அதே சொல் இன்று யாழ்ப்பாணத்தாரின் வாயில் வேறு கனத்தோடு வருகிறது. இரண்டு பொருளும் கலந்து கிடக்கும் ஊர் இது.

யார் யாரை மாற்றினார்கள் என்று கேட்பதற்கு முன்னால், அந்தக் கலைஞரால் எதைத் தூக்கிக்கொண்டு வர முடிந்தது என்று நான் கேட்பேன். மற்றதெல்லாம் அதைப் பொறுத்துத்தான் நடக்கிறது.

பரதநாட்டியத்தையும் கூத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஈழத்தமிழர் போன ஊர்களில், கொழும்பில் இருந்து சிங்கப்பூர் வரை, யாழ்ப்பாணத்தில் இருந்து டொராண்டோ, லண்டன் வரை, பரதநாட்டிய வகுப்பு இருக்கிறது. மட்டக்களப்புக் கூத்தின் இரண்டு வகைகளான வடமோடியும் தென்மோடியும் அந்த அளவுக்கு எங்கேயும் வேர் பிடிக்கவில்லை. கூத்து தரம் குறைந்த கலையா? நிச்சயமாக இல்லை. ஆனால் அதற்கு ஆடுகளமாக ஒரு களரி வேண்டும், பழக்கி ஆட்டுவிக்கும் அண்ணாவியார் வேண்டும், மத்தளமும் தாளமும் வேண்டும், மாதக்கணக்கில் ஒன்றாகப் பழகக்கூடிய ஆட்கள் வேண்டும், அப்புறம் விடிய விடிய உட்கார்ந்து பார்க்க ஓர் ஊரே வேண்டும். ஊரை எந்தப் பெட்டியில் வைப்பது? பரதநாட்டியத்துக்கு ஓர் ஆசிரியை, ஒரு தட்டுக்கழி, தட்டுப்பலகை, ஐந்து பிள்ளைகள், ஓர் அறை இருந்தால் நாளைக்கே தொடங்கிவிடலாம்.

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது, இதைப் பலரும் யோசிப்பதில்லை என்று எனக்கு வருத்தம் உண்டு. பரதநாட்டியம் கடல் தாண்டுவதற்கு முன்பே ஒருமுறை வீட்டை விட்டு வெளியேற்றப்பட்ட கலை. கோயிலிலும் சதிர் என்ற பழைய ஆட்டத்திலும் தேவதாசிகளிடமும் நட்டுவனார் குடும்பங்களிடமும் இருந்ததை எடுத்து, 1930களில் சபா மேடைக்கும் பாடத்திட்டத்துக்கும் கொண்டுவந்தார்கள். ருக்மிணி தேவி 1936இல் சென்னையில் கலாக்ஷேத்திரா என்ற கலைப் பள்ளியைத் தொடங்கினார். 1947இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் வந்தது. அந்த இடமாற்றத்தில் தங்கள் கலையை இழந்த பெண்களுக்கு நடந்தது அநியாயம், அதை மூடிப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் அதே இடமாற்றம்தான் அடவுகள் என்ற அடிப்படை அசைவுகளை வரிசைப்படுத்தி, கட்டணம் வாங்கிக்கொண்டு யாருக்கும் கற்றுத்தரக்கூடிய ஒன்றாக அந்த ஆட்டத்தை ஆக்கியது. கூத்தை 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மேடைக்கேற்பச் சுருக்கித் தந்தார், அது பெரிய வேலை. இருந்தும் ஊர்க்களரி ஊரிலேயேதான் இருந்தது.

தமிழர்களுக்கு மட்டும் இப்படி என்றில்லை. ஜெர்மனியை விட்டு 1933இல் ஓடிய இருவரைப் பாருங்கள், பெர்லினில் சேர்ந்து வேலை செய்தவர்கள். கர்ட் வைல் இசையமைப்பாளர், 1935இல் நியூயார்க் போனவர், பிராட்வேயின் ஆளாகவே ஆகிவிட்டார். பிரெக்ட் நாடகாசிரியர், அவருடைய சரக்கு ஜெர்மன் மொழி. 1941 முதல் 1947 வரை கலிபோர்னியாவில் இருந்தும் அமெரிக்க மேடை அவருக்குச் சரியாகத் திறக்கவே இல்லை. கலிலியோ நாடகத்தை சார்லஸ் லாட்டன் என்ற நடிகரோடு உட்கார்ந்து ஆங்கிலத்தில் ஆக்கினார். லாட்டனுக்கு ஜெர்மன் தெரியாது, பிரெக்டின் ஆங்கிலமோ அரைகுறை, அதனால் ஒவ்வொரு வசனத்தையும் நடித்துக் காட்டிக் காட்டி எழுதினார்கள். இசைக்காரர் தாண்டிய சுவரில் மொழிக்காரர் முட்டிக்கொண்டு நின்றார். லண்டனில் க. பாலேந்திராவின் தமிழ் அவைக்காற்று கலைக் கழகம், 1978இல் கொழும்பில் தொடங்கியது, இன்னும் தமிழில் நாடகம் போடுகிறது என்றால் அதன் அருமை இதனால்தான் எனக்குக் கூடுதலாகத் தெரிகிறது.

சரி, தூக்கி வந்தாயிற்று. அடுத்து என்ன? பார்வையாளர் கிடையாது, பக்கவாத்தியம் கிடையாது, கூட ஆட ஆள் கிடையாது. எல்லாவற்றையும் பிள்ளைகளில் இருந்துதான் உண்டாக்க வேண்டும். சோவியத் ரஷ்யாவை விட்டு 1924இல் வெளியேறிய ஜார்ஜ் பாலன்சினை அமெரிக்காவுக்கு அழைத்து ஒரு பாலே குழு தொடங்கச் சொன்னபோது, முதலில் ஒரு பள்ளி வேண்டும் என்றாராம். 1934 ஜனவரியில் பள்ளி தொடங்கியது. அந்த மாணவிகளை வைத்து அவர் அமெரிக்காவில் அமைத்த முதல் ஆட்டம் செரினேட். முதல் நாள் 17 பெண்கள் வந்தார்கள், அதனால் தொடக்கக் காட்சி 17 பேருக்கு. ஒருத்தி தாமதமாக ஓடி வந்தாள், அது ஆட்டத்துக்குள் போனது. ஒருத்தி விழுந்து அழுதாள், அதுவும் போனது. இன்று உலகம் முழுக்க அந்த ஆட்டத்தை ஆடுகிறவர்கள் ஓர் அமெரிக்கப் பெண் வகுப்புக்குத் தாமதமாக வந்ததையும் சேர்த்துத்தான் ஆடுகிறார்கள். ரஷ்யாவில் இருந்து எத்தனையோ எடுத்து வந்தவர், ஆனால் அமெரிக்காவுக்கு அவர் தந்தது எதிரே வந்து நின்ற பிள்ளைகளால் உருவானது. நான் வாசிக்கும் வகுப்புகளிலும் நடப்பது இதுதான்.

சிங்கப்பூருக்கு வருகிறேன். இங்கே அடித்தளம் போட்டவர்கள் அகதிகள் அல்ல, அதைச் சொல்லிவிட வேண்டும். கே.பி. பாஸ்கர் 1952இல் இங்கே நடனப் பள்ளி தொடங்கினார். கேரளத்தில் பிறந்த சாந்தா பாஸ்கர் 1955இல் பதினாறு வயதில் வந்தார். நீலா சத்தியலிங்கம் கொழும்பில் பிறந்து, கலாக்ஷேத்திராவில் படித்து, 1974இல் இசைக்கலைஞரான கணவர் சத்தியலிங்கத்தோடு வந்து, 1977இல் அப்சராஸ் ஆர்ட்ஸைத் தொடங்கினார். அவர் வந்தது 1983க்கு முன்னால், ஆனால் சிங்களத்தை மட்டும் இலங்கையின் ஆட்சிமொழியாக்கிய 1956இன் தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பின்னால். என்ன நினைத்துக் கிளம்பினார் என்று நான் ஊகிக்கப் போவதில்லை. இலங்கைத் தமிழர்கள் இங்கே அதற்கு வெகு காலம் முன்பே இருந்தார்கள், அவர்களுடைய சங்கம் 1910இல் தொடங்கியது, சிலோன் ரோட்டில் செண்பக விநாயகர் கோயில் இருக்கிறது. அவர் காலூன்ற ஏற்கெனவே ஒரு மேடு இருந்தது என்று சொல்லலாம்.

இந்த நாடு அவர்களிடம் கேட்டது என்ன என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1959இல் கலாசார அமைச்சரான எஸ். ராஜரத்தினம், அவரும் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்தான், மக்கள் பலவகைக் கலைநிகழ்ச்சிகளைத் தொடங்கி வைத்தார். சீன, மலாய், இந்திய நிகழ்ச்சிகள் ஒரே இரவில் ஒரே மேடையில் அடுத்தடுத்து வரும். பக்கத்தில் இருக்கிறவனின் ஆட்டத்தைப் பார்க்க வைத்த நல்ல ஏற்பாடு, அதை நான் மதிக்கிறேன். ஆனால் அப்படி ஒரு மேடையில் உனக்கு சில நிமிடம்தான், உன் முன்னால் இருப்பவர்களில் பெரும்பாலானோருக்குப் பதம் என்ற அபிநயப் பாடலின் ஒரு சொல்லும் புரியாது. நடன உருப்படிகளில் மிக நீளமான முக்கால் மணி நேர வர்ணத்தை எங்கே வைப்பது? அதனால் வேகம், கூட்டாக ஆடும் வரிசைகள், பளிச்சென்ற வடிவங்கள் எல்லாம் முன்னால் வந்தன, நின்று நிதானமாகச் செய்யும் அபிநயம் பின்னால் போனது. இன்றும் பள்ளிகளில் இளையர் விழாவுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும்போது இதே கணக்குத்தான், என் வாசிப்பும் அதற்கேற்பத்தான் மாறியிருக்கிறது. இதில் இழப்பு உண்டு என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

வரவும் உண்டு. சாந்தா பாஸ்கர் 1958இல் சீனர்களின் பட்டாம்பூச்சிக் காதலர் கதையை பரதநாட்டியத்தில் அமைத்தார். கேரளத்திலேயே இருந்திருந்தால் அந்தக் கதை அவர் கைக்கு வந்திருக்குமா? கேட்டது பக்கத்து வீட்டுக் கதை, அதற்கு முத்திரை தேட வேண்டி வந்தது. பிற்பாடு தாய்லாந்தின் மனோரா கதையையும் செய்தார். இன்றைக்கு நம் பள்ளிகளின் இந்திய நடனக் குழுக்களில் சீன, மலாய் மாணவிகள் முழங்காலை மடித்து அரைமண்டியில் நிற்கிறார்கள். தொடக்கப்பள்ளியில் இரண்டு வருடம் முதல் பாடமான தட்டடவு தட்டிய ஒரு பெண்ணுக்கு, பெரியவளானதும் ஒரு வர்ணத்தின் முன்னால் உட்காரப் பொறுமை இருக்கும். எங்கள் அரங்கேற்றங்களுக்கு அப்படி வந்து முழுவதும் உட்கார்ந்து பார்த்தவர்களை எனக்குத் தெரியும்.

இனி எனக்கு நேரில் தெரிந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். எண்பதுகளின் நடுவில் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த ஓர் ஆசிரியை, பெயர் போடுவது அவருக்குப் பிடிக்காது. கணவருக்கு இங்கே வேலை. ஒரு மூவறை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் கூடத்தில், சோபாவை நகர்த்திவிட்டு வகுப்புத் தொடங்கினார். கீழ் வீட்டில் இருந்தவர் ஒருநாள் மேலே வந்து கதவைத் தட்டினார். சத்தம். அதில் இருந்து தரையில் பாய் விரித்து, காலை மெதுவாக வைக்கச் சொல்லிக் கொடுத்தார். பல வருடம் அப்படி. அந்தக் கூடத்தில் படித்தவர்களை எனக்கு இன்றும் அடையாளம் தெரியும். கை அவ்வளவு சுத்தமாக இருக்கும், கண் கையோடு போகும், காலின் தட்டு மட்டும் லேசாக இருக்கும். சமூக மன்றத்துக்கு வகுப்பு மாறிய பிறகு வந்தவர்களின் தட்டு கணீரென்று இருக்கும். எல்லோருக்கும் ஆசிரியை ஒருவர்தான், தரைதான் வேறு. நாடு கலைஞரை மாற்றுவது என்றால் பெரிய தத்துவமாக நினைத்துக்கொள்கிறோம். எத்தனையோ இடங்களில் அது பன்னிரண்டாம் மாடியின் சிமெண்டுத் தரைதான்.

அவர் கொண்டுவந்த பெட்டியில் சில ஒலிநாடாக்கள் இருந்தன. அவருடைய குருவின் நட்டுவாங்கத்தோடு, அதாவது தாளம் தட்டிச் சொற்கட்டுச் சொல்லும் குரலோடு, ஊரில் பதிவு செய்தவை. ஜதிஸ்வரம் என்ற நடன உருப்படியின் நாடா இயந்திரத்தில் சிக்கிக் கசங்கிவிட, கசங்கிய துண்டை வெட்டி எறிந்துவிட்டு ஒட்டிப் போட்டிருக்கிறார். நான் அவரிடம் வாசிக்கப் போன முதல் வருடம், நான்காவது கோர்வையில், அதாவது நான்காவது அடவுத் தொகுப்பில், ஓர் ஆவர்த்தனம், ஒரு முழுத் தாளச் சுற்று, குறைவதைக் கவனித்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அது டேப் திண்ட இடம் தம்பி. சேர் போயிட்டார், இனி ஆரிட்டைக் கேக்கிறது" என்றார். சேர் என்றது குருவை. கூட்டிச் சரி செய்யலாமே என்றேன். எத்தனையோ பிள்ளைகள் இப்படியே படித்துவிட்டார்கள், இப்படியே இருக்கட்டும் என்றுவிட்டார். அவரிடம் படித்தவர்களில் இரண்டு பேர் இன்று சொந்தமாக வகுப்பு நடத்துகிறார்கள். அந்த ஜதிஸ்வரம் அங்கேயும் ஓர் ஆவர்த்தனம் குறைவாகத்தான் ஓடுகிறது, நானும் அப்படியே வாசிக்கிறேன்.

அவருடைய பேச்சும் பிள்ளைகளுக்குள் போய்விட்டது. "வடிவா நில்லு பிள்ளை" என்பார், அழகாக நில் என்று அர்த்தம். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாட்டி, மதுரைப் பக்கத்துத் தாத்தா என்று வந்த பிள்ளைகள் எல்லாம், அரைமண்டி சரியாக இருப்பதற்குப் பெயரே வடிவு என்று எடுத்துக்கொண்டார்கள். வேகமாக ஆடச் சொல்ல "கெதியா" என்பார், அவர்கள் மூன்றாம் காலத்துக்கு, அதாவது மிக வேகமான நடைக்கு, சாஸ்திரத்தில் உள்ள பெயர் கெதி என்றே நினைத்திருந்தார்கள். ஒரு மாணவி வேறொரு பள்ளிக்குப் போய் "மூன்றாவது தடவை கெதியில் ஆடவா டீச்சர்" என்று கேட்டிருக்கிறாள். அதே நேரத்தில் அவருடைய தமிழும் மெல்ல மாறியது. பிள்ளைகளுக்குப் புரிய வேண்டும் என்பதால் பதத்தின் பொருளை முதலில் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அப்புறம்தான் தமிழுக்கு வருவார். நாயகி தோழியிடம் கோபிக்கும் இடத்தை விளக்க, எம்ஆர்டி ரயில் நிலையத்தில் உன்னைக் காத்திருக்க வைத்துவிட்டு வராமல் போன தோழியை நினைத்துக்கொள் என்பார். முகம் உடனே வந்துவிடும். ஊரில் இப்படிச் சொல்லிக் கொடுத்ததில்லை என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. விட்டு வந்தவரிடம் கலை விட்டு வந்த வருடத்திலேயே நின்றுவிடும். ஊர் நகர்ந்துகொண்டே இருக்கும், இவர் கையில் இருப்பது நகராது, நகர விடவும் மனம் வராது. திபெத்தியர்கள் 1959இல் இந்தியாவுக்கு வந்த அதே வருடமே மேடைக் கலைகளுக்கென்று ஓர் அமைப்பைத் தொடங்கிவிட்டார்கள், அதுதான் இன்று தர்மசாலாவில் இருக்கும் நிறுவனம். லாமோ என்ற இசைநாடகத்தை அங்கே பாடம் செய்து, திபெத்தியப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களை அனுப்பினார்கள். கம்போடியாவில் 1975 முதல் 1979 வரை க்மெர் ரூஜ் ஆட்சியில் அரண்மனை நடனக்காரர்களில் பெரும்பாலோர் இறந்தார்கள். மிஞ்சியவர்கள் தாய்லாந்து எல்லை முகாம்களிலேயே பிள்ளைகளுக்கு விரல் வளைக்கக் கற்றுக் கொடுத்தார்கள். சோறு கிடைப்பதே சிரமமான இடத்தில் முதலில் தொடங்கிய வேலைகளில் நடன வகுப்பும் ஒன்று என்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கும். ஒரு மூத்தவர் போனால் ஓர் ஆட்டம் போய்விடும் என்ற பயத்தில் கற்றுக் கொடுப்பவர் எதையும் மாற்ற மாட்டார். ஆனால் கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு அந்த அரண்மனையும் தெரியாது, அந்தப் பயமும் இருக்காது, அவள் உடம்பில் அது வேறு மாதிரிதான் இறங்கும். அவத் நவாப் வாஜித் அலி ஷா 1856இல் நாட்டைப் பறிகொடுத்துக் கல்கத்தாவின் மட்டியாபுர்ஜில் இருந்தபோது கூட வந்த தும்ரிப் பாட்டும் கதக் ஆட்டமும் முப்பது வருடத்துக்குள் வங்காளத்தின் சொத்தாகிவிட்டன. அவர் தாம் இழந்த தலைநகர் லக்னோவை அங்கே திரும்பக் கட்டத்தான் பார்த்தார்.

நாட்டை விட்டுப் போகாமலே நாடிழந்தவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாடகாசிரியர் குவோ பாவ் குன் சீனாவில் பிறந்து பத்து வயதில் இங்கே வந்தவர், 1976இல் விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டார், 1977இல் குடியுரிமை பறிக்கப்பட்டது, அது திரும்பக் கிடைத்தது 1992இல். இடையில், 1988இல், பூனையைத் தேடும் ஓர் அம்மாவைப் பற்றி ஒரு நாடகம் போட்டார். அதில் ஹொக்கியன் என்ற சீன வட்டார மொழி மட்டும் பேசும் அந்த அம்மாவும், தன் பூனையைத் தேடும் ஒரு தமிழ் முதியவரும் சந்திப்பார்கள். அவர் தமிழில் பேசுவார், அவள் ஹொக்கியனில் பேசுவாள். சொந்தப் பிள்ளைகளோடு பேச முடியாதவள் இவரோடு பேசிவிடுவாள். பிரெக்டும் லாட்டனும் நடித்துக் காட்டிக்கொண்டதை முன்னால் சொன்னேனே, இங்கே அது காட்சியாகவே வருகிறது. நம் மொழி இந்த ஊரின் பொது மேடையில் அலங்காரத்துக்கு வராமல் கதைக்குத் தேவைப்பட்டு வந்த இடம் அது, அதனால் தமிழர்கள் அதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

அப்சராஸ் ஆர்ட்ஸ் அகதி என்றே பெயர் வைத்து ஒரு படைப்பைச் செய்திருக்கிறது. நாயகி தலைவனுக்காகக் காத்திருக்கும் அதே முத்திரைகளை வைத்து, வீட்டை விட்டு ஓடுகிறவரைச் சொல்ல முயலும் வேலை. எனக்கு அது பெரிய விஷயம். ஆசிரியர் தலைமுறை வாய் திறந்து சொல்லாததை மாணவர் தலைமுறை ஆடுகிறது.

உங்களுக்கு இதில் மேலே ஏதாவது செய்ய வேண்டும் என்றால், நூலகத்துக்குப் போவதற்கு முன்னால் வயதான ஆசிரியைகளைப் பாருங்கள். எண்பதுகளில் வந்தவர்களில் பலருக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல். விருது, தேதி பற்றிக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடும். எந்த உருப்படியைக் கொண்டுவர முடியாமல் விட்டு வந்தீர்கள், யாரிடம் கற்றுக்கொள்ள இருந்தீர்கள், முதல் வகுப்பில் எத்தனை பிள்ளைகள், தரை என்ன தரை என்று கேளுங்கள். ஒலிநாடா இருந்தால் கையோடு வாங்கி மின்பதிவாக மாற்றிக் கொடுங்கள், நாற்பது வருட நாடா இந்த ஊர் ஈரத்தில் அதிக நாள் தாங்காது. சனி, ஞாயிறில் போகாதீர்கள், அன்றைக்கு அவர்களுக்கு வகுப்பு இருக்கும்.